கரவானும் மூன்று சைக்கிளும்

நம் புதுச்சேரியில் பிரான்சுக்குப் போய் வராத குடும்பங்கள் குறைவு. பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாம் போய் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வருவோம். கோடையில் போனால் "வக்கான்ஸ்" என்று ஏதாவது ஒரு கடற்கரைக்கு நம்மையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பின் சீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதுதான் நம் வேலை. அப்படிப் போகிறவர்கள் வண்டி கிளம்பும் முன் ஒருமுறை இறங்கிப் பின்னால் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கரவான் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. நான் சொல்வது அது இல்லை. இதற்கு எஞ்சின் கிடையாது. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் உள்ளே. முன்னால் முக்கோணமாக ஓர் இரும்புச் சட்டம் நீண்டிருக்கும். பிரெஞ்சில் அதற்கு "ஃபிளெஷ்" என்று பெயர், அம்பு என்று அர்த்தம். அதன் நுனியைக் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள்.

என் மாப்பிள்ளை வீட்டார் பழைய சொல்தா குடும்பம். அவருடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், என் அப்பா கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க பிரெஞ்சில் படித்துவிட்டு நான் இங்கேயே அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். மாப்பிள்ளை பாரீசுக்கு வடக்கே சார்செல் பக்கம் இருக்கிறார். நல்ல மனுஷன், உழைப்பாளி. இரண்டு கோடைக்கு முன்பு பழைய கரவான் ஒன்றை வாங்கினார். அதில்தான் தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அர்ஜெலேஸ் கடற்கரைக்கு எல்லோரும் போவதாக ஏற்பாடு.

சைக்கிள் மூன்று. மகளுடையது பேட்டரி வைத்தது, 24 கிலோ. மாப்பிள்ளையுடையது 16. பேத்தியுடையது 11. இவற்றை வைக்கக் கரவானின் பின் சுவரில் அலுமினியச் சட்டம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். போர்த்-வெலோ என்பார்கள். சட்டம் மட்டும் 9 கிலோ. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அவர் சைக்கிள்களை அதில் ஏற்றிக் கட்டினார். கட்டியதைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பட்டை, சட்டத்துக்குச் சட்டம் கவ்வும் கொக்கி, நடுவே பெயின்ட் உரசாமல் இருக்க நுரைத் துண்டு. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"மாப்பிள்ளை, இவ்வளவு பாரம் கடைசியில இருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"அறுபது கிலோ தாங்கும்னு போட்டிருக்காங்க மாமா. நம்மளது ஐம்பத்தொன்னுதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. சட்டம் தாங்கும். கடைசி வரை தாங்கவும் செய்தது. கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை.

மாட்டு வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வில்லியனூர், பாகூர் பக்கமிருந்து கரும்பும் நெல்லும் ஏற்றிவந்த வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வண்டிக்காரர் மூட்டை அடுக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு முன்னால் வந்து ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்தும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கொஞ்சமே கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. ஒரே அச்சு உள்ள கரவானும் ஒரு மாட்டு வண்டிதான். மாட்டுக்குப் பதில் கார்.

அந்தக் கொஞ்சம் முன்பாரத்துக்கு அங்கே எண் இருக்கிறது. கரவானின் மொத்த எடையில் ஐந்திலிருந்து ஏழு சதவீதம் காரின் உருண்டை மேல் இறங்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் வழக்கமான அளவு. அமெரிக்காவில் வண்டிகளும் பெரியவை, அளவும் பெரிது, பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்பார்கள். எங்கள் கரவான் சாமானோடு சுமார் 1200 கிலோ. அப்படியானால் 60-லிருந்து 84 வரை. ஆனால் கார் கொக்கிக்கும் ஒரு மேல் வரம்பு உண்டு. கொக்கியில் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் "எஸ்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். எங்கள் காரில் 75. ஆக 60-க்குக் குறையக் கூடாது, 75-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி பதினைந்தே கிலோ, ஓர் அரிசி மூட்டை கூட இல்லை.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். ஓர்லேயான் தாண்டி, கிளெர்மோன்-ஃபெரானில் தோசையும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம். வீட்டுக்காரி முதல் நாளே சுட்டு அடுக்கியது. அங்கிருந்து ஏ75 நெடுஞ்சாலை. அது மலைப் பிரதேசம். சாலை ஏறும், இறங்கும், வளையும். பெரும்பகுதிக்குச் சுங்கம் கிடையாது என்பதால் கோடையில் கூட்டம் அதிகம்.

சேன்-ஃப்ளூர் ஊரைத் தாண்டி ஓர் இறக்கம். வலது பக்கம் ஒரு நீளமான லாரி போய்க்கொண்டிருந்தது, மாப்பிள்ளை அதை முந்தினார். வேகமானி நூறைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. லாரியின் முன்பக்கத்தைத் தாண்டும்போது, அது தள்ளுகிற காற்று எங்கள் மேல் பட்டது. முதலில் யாரோ காரின் வாலைப் பிடித்து லேசாக ஒரு பக்கம் இழுத்தது போல இருந்தது. அப்புறம் மறு பக்கம். மூன்றாவது முறை லேசாக இல்லை. பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கரவானின் வெள்ளைச் சுவர் ஒருமுறை இடது பக்கமாகவும் ஒருமுறை வலது பக்கமாகவும் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதிகமாக. பேத்தி சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்தாள். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியின் தடம் மறுநாளும் இருந்தது.

மாப்பிள்ளை செய்த ஒரு காரியத்துக்காக அவரை நான் எப்போதும் பாராட்டுவேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் அவர் கை ஒரு பக்கமும் கரவான் ஒரு பக்கமும் போய் ஆட்டம் இன்னும் கூடியிருக்கும். இறக்கத்தில் வேகம் குறைய நேரம் எடுத்தது. பத்து விநாடி இருக்குமா? இருக்காது. எண்பதுக்கு இறங்கியதும் யாரோ கையை எடுத்த மாதிரி ஆட்டம் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஏற்கனவே வேகத்தைக் குறைத்து எங்களுக்கு இடம் விட்டிருந்தார். அவர் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. மகள் மட்டும் முன் சீட்டிலிருந்து "அப்பா, அம்மா, ஒண்ணுமில்லையே?" என்று திரும்பாமலே கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

சிறிது தூரத்தில் கராபி ஓய்விடம் வந்தது. திரு. ஐஃபல் கோபுரம் கட்டுவதற்கு முன்பே அவருடைய கம்பெனி கட்டிய பெரிய இரும்பு ரயில் பாலம் அங்கிருந்து தெரியும். 1880-களில் கட்டியது. 565 மீட்டர் நீளம், ஆற்றிலிருந்து 120 மீட்டருக்கு மேல் உயரம், செம்மண் நிறத்தில் ஒரே வளைவு. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கரவானின் பின்பக்கம் நின்றிருந்தோம். சைக்கிள்கள் கட்டிய கட்டில் அப்படியே இருந்தன. ஒரு பட்டைகூட நழுவவில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் புரியவில்லை. "எல்லாம் டைட்டா இருக்கே மாமா. அப்புறம் ஏன்?"

நான் பையிலிருந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதிய கை, பேப்பர் இல்லாமல் எதையும் விளக்க வராது. பள்ளியில் "லெவியே" பாடம் நடத்திய மிஸ்யே எங்களை மனப்பாடம் செய்ய வைத்தது ஒன்றுதான்: எடையை மட்டும் பார்க்காதே, எடையைத் தூரத்தால் பெருக்கு. டேப்பை எடுத்துவரச் சொல்லி அளந்தோம். உருண்டையிலிருந்து அச்சு வரை 3.8 மீட்டர். அச்சிலிருந்து சைக்கிள்கள் தொங்கும் இடம் வரை 2.8 மீட்டர். சைக்கிளும் சட்டமுமாக 60 கிலோ. அறுபதை 2.8-ஆல் பெருக்கி 3.8-ஆல் வகுத்தால் 44. அதாவது பின்னால் 60 கிலோ ஏற்றினால், முன்னால் உருண்டை மேல் இருக்க வேண்டிய பாரத்தில் 44 கிலோ காணாமல் போகிறது. முன்பு 70 இருந்திருந்தால் இப்போது 26. இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். காரின் வாலை அழுத்திப் பிடிக்க வேண்டிய கரவான், அதைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. பூட்டாங்கயிறு இறுகுகிறது.

இது பாதிதான். மற்றப் பாதிக்குக் காவடி எடுத்தவர்களைக் கேட்க வேண்டும். தண்டின் நடுவில் பத்து கிலோ இருந்தால் சட்டென்று திரும்பலாம், சட்டென்று நிற்கலாம். அதே பத்து கிலோ தண்டின் இரண்டு முனையிலும் தொங்கினால் திரும்ப ஆரம்பிப்பதும் கஷ்டம், திரும்ப ஆரம்பித்ததை நிறுத்துவதும் கஷ்டம். ஆட்டம் என்பதில் தூரம் இரண்டு தரம் பெருக்கப்படுகிறது. அச்சிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் சைக்கிளைவிட இரண்டு மீட்டரில் இருக்கும் சைக்கிள் நான்கு மடங்கு தொந்தரவு. 2.8 மீட்டரில் ஏறத்தாழ எட்டு மடங்கு. அதனால்தான் லாரிக் காற்று கொடுத்த ஒரு சின்னத் தள்ளல் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது. இந்த ஆட்டத்துக்கு பிரெஞ்சில் "லாசே" என்று பெயர். மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுக்கும் அதே வார்த்தைதான். வேகம் ஓர் அளவுக்குக் கீழே இருக்கும்வரை தானாக அடங்கும். அந்த அளவைத் தாண்டினால் தானாக வளரும். பின்பாரம் ஏற ஏற அந்த அளவு கீழே இறங்கிக்கொண்டே வரும். நேற்று வரை 120-ல் ஒழுங்காக வந்த வண்டி இன்று 100-ல் ஆடுவது அப்படித்தான்.

மாப்பிள்ளை பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "எல்லாத்தையும் முன்னால மாத்திட்டா?" என்றார். ஃபிளெஷ் மேல் பொருத்துகிற சட்டமும் கடையில் கிடைக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தோம். உருண்டையிலிருந்து 90 சென்டிமீட்டரில் அதே 60 கிலோவை வைத்தால், அதில் 46 கிலோ உருண்டை மேல் இறங்கும். முன்பிருந்த 70-உடன் சேர்த்து 116. கொக்கியின் வரம்பு 75. கார் பின்னால் உட்காரும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பின்பாரத்துக்கு மருந்து முன்பாரம் இல்லை.

நடுவில்தான் வைக்க வேண்டும். மூன்று சைக்கிளின் முன் சக்கரங்களையும் கழற்றினோம். கரவானுக்குள் அச்சுக்கு நேர் மேலே, நடைபாதைத் தரையில் பழைய போர்வையை விரித்துச் சைக்கிள்களைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் இருக்கையின் அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினோம். மகளுடைய சைக்கிள் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தோம். கட்டுவதற்குப் பட்டை போதவில்லை. நான் துணி உலர்த்தும் கயிற்றை எடுத்தேன்.

இந்தக் கட்டு எனக்குப் புதிதில்லை. எழுபதுகளின் கடைசியில் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக பஸ்ஸில் நாலு மணி நேரம். அங்கே போய் நடந்து அலுவலகம் போக முடியாது என்று என் ஹெர்குலிஸ் சைக்கிளையும் பஸ் கூரையில் ஏற்றினேன். கூரை ஏற்றுகிற ஆள் ஒரு பழைய ட்யூபை நீளமாகக் கிழித்து வைத்திருந்தார். "கயிறு போட்டா ஆட ஆடத் தளரும் சார், ட்யூபு ஆட ஆட இறுக்கும்" என்றார். பெடலுக்கும் அடுத்த சாமானுக்கும் நடுவே சாக்குத் துணி. ஹேண்டிலைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்து ஒரு கட்டு. முன் சக்கரம் காற்றில் சுற்றாமல் இருக்க இன்னொரு கட்டு. காரைக்காலில் இறக்கியபோது மணி மட்டும் தூசியில் ஒலிக்கவில்லை. கடையில் விற்கும் எந்தப் பட்டையும் ரப்பர் ட்யூபுக்கு ஈடில்லை என்பது இன்றைக்கும் என் கருத்து. விலையும் இல்லை.

கராபியிலிருந்து எண்பதுக்கு மேல் போகவில்லை. மியோ பாலத்தைத் தாண்டினோம். தூணின் உச்சி வரை 343 மீட்டர், 2004 டிசம்பரில் திறந்தது. காற்றுக்காக இரண்டு பக்கமும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். கரவான் கொஞ்சமும் அசையவில்லை. பெசியே தாண்டித் தெற்கே இறங்கும் ஏ9 சாலையில் த்ரமொந்தான் என்ற வடமேற்குக் காற்று குறுக்கே அடிக்கும். ஓரத்தில் கம்பங்களில் சிவப்பு வெள்ளைக் காற்றுப் பைகள் கட்டியிருப்பார்கள். அன்று அவை கிடையாக நின்றன. எங்களை முந்திக்கொண்டு போனவர்களை மாப்பிள்ளை கண்டுகொள்ளவே இல்லை.

அர்ஜெலேசில் கரவான்களும் கூடாரங்களும் ஊர்த் திருவிழா போல வரிசை வரிசையாக நிற்கும். எங்களுக்குப் பக்கத்து இடத்தில் நெதர்லாந்துக்காரர் ஒருவர், என் வயது இருக்கும், பிரெஞ்சு சுமாராகப் பேசுவார். அவர் கரவானின் ஃபிளெஷ் மேல் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. அவர் நாட்டில் அதுதான் வழக்கம் என்றார். எப்படித் தாங்குகிறது என்று கேட்டேன். அவர் கார் கொக்கியின் "எஸ்" 100 கிலோ. அதோடு முன் பெட்டியில் எரிவாயு சிலிண்டர் ஒன்றைத் தவிர வேறு எதுவும் வைப்பதில்லை, அதுவும் சின்னது. ஒரு கிராம் விடாமல் கணக்கு வைத்திருந்தார். நம் ஆள் என்று தோன்றியது.

கரவானுக்குள்ளிருந்து அவர் ஒரு குளியலறை எடைக்கருவியும், அளவாக வெட்டிய மரக்கட்டை ஒன்றும் எடுத்துவந்தார். சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, கரவானைச் சமமாக நிறுத்தி, ஃபிளெஷின் நுனிக்குக் கீழே கட்டையை நிமிர்த்தி, கட்டைக்கு அடியில் எடைக்கருவியை வைத்து, முன் சின்னச் சக்கரத்தை மெதுவாக மேலே ஏற்றினால் பாரம் முழுக்க எடைக்கருவியில் இறங்கும். மனிதர்கள் நிற்கும் அதே கருவிதான், வேறு எந்தச் சாதனமும் வேண்டாம். கட்டையின் உயரம் மட்டும் கார் கொக்கியின் உயரத்துக்குச் சரியாக வர வேண்டும்.

பின்னால் வெறும் சட்டம் மட்டும் இருந்தபோது 63 காட்டியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு அவராகவே மூன்று சைக்கிளையும் கொண்டுபோய்ப் பின் சட்டத்தில் மாட்டிவிட்டு ஓடிவந்து குனிந்தார். 26. கராபியில் பேப்பரில் எழுதிய அதே எண். அவர் எழுந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை பேத்தியைக் கடலுக்கு அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். ஐந்து வயதுக்குப் பிறகு அவளை யாரும் தூக்கியது இல்லை.

அங்கே இருந்த இரண்டு வாரத்தில் பின் சட்டத்தைப் பற்றி இன்னும் சில விஷயங்கள் தெரிந்துகொண்டோம். கரவானின் சுவர் பார்க்க வீட்டுச் சுவர் மாதிரி இருக்கும். உண்மையில் வெளியே ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவில் நுரை, அங்கங்கே மரச் சட்டம். சட்டத்தின் திருகாணி உள்ளே மரமோ பலப்படுத்திய இடமோ இருக்கும் பகுதியில்தான் இறங்க வேண்டும். மற்ற இடத்தில் இறங்கினால் சாலையின் ஒவ்வொரு குண்டிலும் தகட்டை அது பிய்க்கும். வண்டியின் கடைசி முனைதான் அதிகமாகக் குதிக்கும் இடம் என்பதை பஸ்ஸின் கடைசி சீட்டில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியான இடத்தில் இறங்கினாலும் திருகாணி ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, மரம் உளுத்துப்போகும். எங்கள் கரவானில் இரண்டு ஓட்டைகளைச் சுற்றித் தகடு ஏற்கனவே லேசாக உப்பியிருந்தது. அதை நெதர்லாந்துக்காரர்தான் விரலால் தட்டிக் காட்டினார். தட்டினால் வேறு சத்தம் வந்தது.

அடுத்தது விளக்கும் எண் பலகையும். பின்னால் மாட்டிய சைக்கிள் எந்த விளக்கையும் மறைக்கக் கூடாது, எண் பலகையையும் மறைக்கக் கூடாது. எண் பலகையை மறைத்தால் பிரான்சில் 135 யூரோ அபராதம். 500 கிலோவுக்கு மேற்பட்ட கரவானுக்குத் தனி "கார்த் கிரீஸ்", தனி எண். அதாவது கரவானுக்கென்று ஒரு தனிக் கோப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ போனால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாமானில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 50 சென்டிமீட்டர் சதுரப் பலகை கட்ட வேண்டும். எங்களிடம் அது இல்லை. எல்லையோ கூப்பிடு தூரம். ஃபிகேராஸ் போய்ப் பார்க்கலாம் என்று மகள் ஆசைப்பட்டாள். கரவானையும் சைக்கிளையும் இங்கேயே விட்டுவிட்டு வெறும் காரில் போய்வந்தோம்.

பின்னால் மாட்டியதைக் கார் ஓட்டுகிறவர் பார்க்கவே முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வீடே நிற்கிறது. பட்டை அவிழ்ந்து சைக்கிள் தொங்கினாலும், விழுந்தே போனாலும், பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிவதற்கு ஒரு விநாடி இருக்கும். மேலே உறை போட்டு மூடுவது அழகாக இருக்கிறது, ஆனால் அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும்.

திரும்பும்போதும் சைக்கிள்கள் தரையில்தான் வந்தன. புறப்படுமுன் மாப்பிள்ளை அந்த எடைக்கருவியை மறுபடி இரவல் கேட்டு வாங்கி, இந்த முறை யாரையும் கூப்பிடாமல் தனியாக எடை போட்டார். பின் பக்க அலமாரியிலிருந்த முன்கூடாரத்தையும் அதன் இரும்புக் குழாய்களையும் எடுத்து அச்சுக்கு மேலே மாற்றி வைத்தார். அது மட்டும் 25 கிலோ. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தார். பாத்திரங்களைக் கீழ் அலமாரிக்கு இறக்கினார். கடைசியில் 68.

இப்போது அந்தப் பின் சட்டம் இல்லை. கழற்றி, ஓட்டைகளை அடைத்து, உப்பிய இடத்தைக் காய வைத்துச் சரி செய்துவிட்டார். அவருடைய சைக்கிளும் பேத்தியின் சைக்கிளும் கார் கூரைக்குப் போய்விட்டன. மகளுடையது கூரைக்குப் போகாது. கூரைச் சட்டங்களில் ஒரு சைக்கிளுக்கு இருபது கிலோ வரைதான் பெரும்பாலும் அனுமதி, அத்தனை உயரத்துக்குத் தூக்கவும் இரண்டு ஆள் வேண்டும். அது மட்டும் கரவானுக்குள், அச்சுக்கு மேலே, ரப்பர் பாயில். ட்யூப் கிழித்து நான்தான் இங்கிருந்து பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். சென்னை விமான நிலையத்தில் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.

இந்த வருடம் அவர்கள் தனியாகத்தான் போகிறார்கள். என் மனைவிக்கு முழங்கால் வலி, பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, பேப்பர் எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். தானும் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கப் போகிறாராம், 25 கிலோ. எங்கே வைப்பது என்று கேட்டார். அச்சுக்கு மேலே இரண்டு சைக்கிள் வைத்தால் எடை அங்கே பரவாயில்லை, ஆனால் கரவானின் மொத்த அனுமதி 1300 கிலோ. நாம் ஏற்கனவே 1200-ல் நிற்கிறோம், பேத்தி வளர வளர அவள் சாமானும் வளர்கிறது என்றேன். அர்ஜெலேசில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறதே, கிளம்பும் முன் விலை விசாரித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை.